எதற்குத் தராது?

பால்பாண்டியின் ஜீப்பு போடிமெட்டு வளைவில் உருண்டபோது இன்சூரன்ஸில் ஒரு பைசா வரவில்லை. “எல்லாத்துக்கும் வரும்” என்று ஏஜென்ட் பிரபு சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அது எதிராளிக்கு மட்டும் தருகிற பாலிசி என்பது வண்டி போன பிறகுதான் தெரிந்தது. “படிச்சுப் பாத்துட்டுல்ல போடணும்?” என்று சிரித்தான் பிரபு. அன்றிலிருந்து பால்பாண்டி அடுத்தவர் ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஏலத்தோட்டக் கூலிக்குப் போகிறார்.

இந்த முறை ஒன்று விடாமல் கேட்டுவிடுவது என்று அவர் மனைவி மாயக்காள் பிரபுவின் மாடி ஆபீஸுக்கு வந்திருந்தாள்.

“புது வண்டியாக்கா?” பிரபு குழைந்தான்.

“புதுசுதான் தம்பி. உங்க காருக்கு எந்தப் பாலிசி போட்டிருக்கீக? அதைச் சொல்லுங்க.”

“வெவரமாயிட்டீங்கக்கா! அது ஃபுல் கவர்.”

“பாறை விழுந்தா?”

“தரும்.”

“எவனாச்சும் கண்ணாடிய ஒடச்சா?”

“தரும்.”

“தீய வச்சுட்டா?”

“அதுக்கும் தரும். ஏங்க்கா இம்புட்டு நோண்டுறீங்க?”

“பட்டவ கேக்குறேன். அப்ப எதுக்குத்தான் தராது?”

பிரபு யோசித்தான். “டயரு மட்டும் போனா தராது. நாலும் போனாலும் கைக்காசுதான். வண்டியும் சேந்து அடிபட்டிருந்தா டயருக்குப் பாதி தருவாங்க.”

மாயக்காள் எழுந்து சன்னலுக்குப் போனாள். கீழே, பிரபுவின் புதுக் காருக்குப் பக்கத்தில் பால்பாண்டி கையில் கத்தியோடு அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார்.

“ஏங்க! கண்ணாடில கை வச்சிராதீக. டயரு மட்டும் போதும். நாலையும்!”