மெழுகில் பதியாத ஓசை

கடைசி மெழுகுத் தட்டை வெள்ளைக்காரத் துரை பாட்டுப் பதிகிற இயந்திரத்தில் வைத்தார்.

இதுவும் கெட்டால் சண்முகசுந்தரியின் பாட்டு இல்லை. துரை சாயங்கால ரயிலில் தூத்துக்குடி போகிறார், அங்கிருந்து கப்பலில் கொழும்பு. அவர் யாருக்காகவும் நிற்க மாட்டார்.

துரைக்கு மொழிபெயர்க்க வந்தவன் நான். பாடுகிறவர்களின் தோளைப் பிடித்துத் தள்ளுவதும் என் வேலைதான். குரல் உச்சத்துக்கு ஏறினால் ஊசி துள்ளிவிடும். குரலை வாங்கும் தகரக் குழலிலிருந்து ஆளைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ‘ச’ வந்தால் வெறும் காற்று, மெழுகில் பதியாது. குழலுக்குள் முகம் போகிற அளவுக்கு முன்னால் தள்ள வேண்டும்.

ஆண் கை படக்கூடாது என்று இந்த அம்மாள் சொல்லிவிட்டாள். சரி என்று எதிரில் நின்று கை காட்டினேன். அவளோ கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாள்! இரண்டு தட்டுகளைப் போட்டுக் கேட்டோம். ‘ச’ வந்த இடமெல்லாம் ஓட்டை. போட்டுக் கேட்ட தட்டு அதோடு பாழ். எனக்கு எரிச்சலில் தலை வலித்தது.

“எங்க அக்கா புடிக்கட்டும்,” என்றாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த நீலாம்பாள் எழுந்து வந்து, தங்கையின் முதுகில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள். நான் கை காட்டத் தயாராக நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. என்ன திமிர் என்று நினைத்தேன்.

பாட்டு தொடங்கியது. ஒவ்வொரு ‘ச’வுக்கும் அந்தக் கைகள் தள்ளின. பாதியில் தங்கை புதிதாக ஒரு சங்கதி போட்டாள். அதிலும் பிசகவில்லை. சென்னையிலிருந்து இதுவரை முப்பது பேரைத் தள்ளியிருக்கிறேன், எனக்கு அப்படி வாய்த்ததில்லை. பொறாமையாகத்தான் இருந்தது.

முடிந்ததும் பாடியவர் தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். சீமையில் தட்டு அடிக்கிறவர்கள் ஆள் மாற்றிச் சீட்டு ஒட்டிவிடாமல் இருக்க அப்படியொரு வழக்கம்.

“பாடுனது சண்முகசுந்தரி! கேட்டது நீலாம்பாள்!”

ஊசியைத் தூக்கிய துரையின் முகம் சிவந்தது. வேண்டாத சொல் ஒன்று விழுந்தாலும் தட்டைச் சுரண்டிப் போடுகிற மனிதர்.

“அவ பேரு எதுக்கும்மா?” என்று கத்தினேன்.

“தட்டு வந்தா ஊரே கேக்கும். அவளால முடியாது அண்ணாச்சி, பொறவியிலேயே காது கேக்காது, கையாலதான் கேப்பா. ‘ச’ வந்தா முதுகு அதிராம மூச்சு மட்டும் ஓடும்லா, அத வச்சுத்தான் தள்ளுனா.”

நீலாம்பாள் எங்கள் வாய்களையே மாறி மாறிப் பார்த்தாள். தன்னால் ஏதோ கெட்டுவிட்டதென்று பயந்துபோயிருந்தாள்.

பாட்டு முடிவில் சண்முகசுந்தரி என்ன சொன்னாள் என்று துரை என்னிடம் கேட்டார்.

“அவள் முழுப்பெயர்தான் துரை,” என்றேன். “இந்தப் பக்கம் பெயர்கள் கொஞ்சம் நீளம்.”