விழுந்த பட்டன்

"முப்பது வயசாச்சு. ஒரு பட்டன் தைக்கத் தெரியாது. வெட்கமா இல்லையாடா உனக்கு?"

அத்தை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. அவனோ சட்டையை அப்பாவின் மடியில் போட்டுவிட்டுச் சிரித்தான்.

"எதுக்கு அத்தை வெட்கம்? அதுக்குத்தான் அப்பா இருக்காரே."

"வெளியூர்ல பெரிய வேலை தரேன்னு கூப்பிடுறாங்க. இன்னைக்குள்ள பதில் சொல்லணும். நீ என்னடான்னா..."

"அங்க போனா யாரு எனக்குச் சட்டை தேய்ப்பா? காலையில யாரு எழுப்புவா?"

"கேட்டியா தம்பி? உன் பெண்டாட்டி போனதும் இவனைத் தொட்டில்ல போட்டே. இன்னும் இறக்கிவிடலை. எல்லாம் உன்னைச் சொல்லணும்!"

அத்தை கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா நூல்பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டார். அக்கா சொல்வது நியாயம்தான். மனைவி இறந்த பிறகு, காலையில் அவர் எழுந்திருக்க ஒரே காரணம் இவனை எழுப்புவதுதான். இவன் வேலைக்குப் போய்விட்டால், சொட்டுகிற குழாய்தான் பேச்சுத்துணை. மகன் மறுத்தபோது அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அப்படிச் சந்தோஷப்பட்டதில் கூச்சமும்.

ஊசியை எடுத்தார். கண் ஆபரேஷன் முடிந்து புதுக் கண்ணாடி வந்தது நேற்றுதான். வாரம் தவறாமல் இவன் சட்டையில் ஒரு பட்டன் விழும். இத்தனை நாளும் தடவித் தடவியே தைத்தார். இன்றுதான் கண்ணால் பார்க்கிறார்.

பார்த்தவர், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்க வாடா." ஊசியை அவன் கையில் கொடுத்தார். "நீயே தை."

"எனக்கு எங்கப்பா வரும்? விரல்லதான் குத்திக்குவேன்."

"சரி, தைக்க வேண்டாம். வேலைக்கு வரேன்னு போன் பண்ணு."

"தனியா போய் நான் என்னப்பா பண்ணுவேன்? எனக்கு ஒண்ணுமே தெரியாதே!"

அப்பா சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பட்டன் இருந்த இடத்தில் நூல் நைந்து போகவில்லை. கத்தரியால் நறுக்கென்று வெட்டியிருந்தது.

"எனக்கு ஒரு வேலை இருக்கட்டும்னு வாரா வாரம் பட்டனை வெட்டுற கைக்கு, அதைத் தைக்கத் தெரியாதாடா?"