சம்மதப் படிவம்

டெக்சாஸின் ஆகஸ்ட் வெயில் சமையலறை மேசையில், முட்டி மோதி ஆடும் கால்பந்துக்காகப் பள்ளிக்கூடம் அனுப்பிய சம்மதப் படிவத்தின்மேல் விழுந்து கிடக்கிறது. டார்லா பேனாவைத் திறந்து வைத்திருக்கிறாள், கையெழுத்துப் போடவில்லை. எதிரே அவள் கணவன் வெண்டல், நாற்பத்திரண்டு வயது, பள்ளி நாட்களில் ஆடும்போது போட்ட தன் பழைய ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தடவுகிறான். மோதிய எதிரணி ஹெல்மெட்டுகளின் சாயம் அதன் நெற்றியில் இன்னும் கோடு கோடாய் ஒட்டியிருக்கிறது. “போடும்மா, எல்லாரும் ஆடுறாங்க,” என்கிறான் மகன் கோல்ட்டன். “அப்பா தலையில வாங்கினது போதாதாடா?” என்கிறாள் டார்லா. “வெள்ளிக்கிழமை ராத்திரி மேட்ச்னா ஊரே எழுந்து நின்னு என் பேரைக் கத்தும்டா!” வெண்டலின் முகம் மலர்கிறது. பிறகு மனைவியிடம் திரும்பி, “ஸ்கூல்லேர்ந்து ஃபாரம் வந்துருச்சா?” என்று நான்காவது முறையாகக் கேட்கிறான். கோல்ட்டன் பேனா மூடியை எடுத்து, மூடிவிடச் சொல்வதுபோல் அம்மாவிடம் நீட்டுகிறான். அவன் கண் மட்டும் ஹெல்மெட்டை விட்டு நகரவில்லை.