பிரியாவிடைப் பாவாடை

மலையுச்சியில் தடுப்புக் கம்பி விலகியதும் என் வீட்டுக்காரர் பாவாடையோடு பாய்ந்தார்.

ஊரே கொல்லென்று சிரித்தது. வீரர்களை உற்சாகப்படுத்த மாட்டு மணிகளை ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்தவர்கள்கூட மறுபடி ஆட்டினார்கள்.

எங்கள் ஆல்ப்ஸ் பக்கத்தில் இது வழக்கம். ஓய்வு பெறும் பனிச்சறுக்கு வீரன் கடைசிப் பந்தயத்தில் கோமாளி வேஷம் கட்டிக்கொண்டு, கையசைத்தபடி நிதானமாக இறங்குவான். பாதி வழியில் நின்று பயிற்சியாளரோடு ஒரு வாய் சாராயம் குடிப்பான். நேரத்தை யாரும் பார்க்கமாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் ஃபுளூரின் மூன்று முறை உலக சாம்பியன். முழங்காலில் எலும்பைவிட ஆணிதான் அதிகம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதெல்லாம் இதோடு சரி என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். கட்டுப் பிரித்ததும் சத்தியம் காற்றோடு போய்விடும். இனி விழுந்தால் ஆணி அடிக்க எலும்பு மிஞ்சாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

முதல் வளைவில் கையசைத்தார். அதோடு சரி.

இரண்டாவது வளைவில் குனிந்தார். பாவாடையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, தாடையை முட்டியில் வைத்துக்கொண்டார்.



பாதி வழியில் பயிற்சியாளர் கஷ்பர் பாட்டிலும் கோப்பையுமாகக் காத்திருந்தார். ஃபுளூரின் கடந்த வேகத்தில் கோப்பை பனியில் விழுந்து உருண்டது.

மணிச் சத்தம் நின்றது.

"அடியே உர்சினா, உன் ஆளு நெசமாவே போட்டி போடறான்டி!" என்று பக்கத்து வீட்டு மெங்கியா என் கையைக் கிள்ளினாள்.

கீழே வந்து நின்றவர் என்னைப் பார்க்கவில்லை. நேரம் காட்டும் பலகையைத்தான் பார்த்தார். ஏழாவது இடம்.

அப்புறம்தான் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு விசும்பினார். நானும் அழுதேன். ஒலிபெருக்கிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரிவுத் துயரம் என்று நினைத்து ஊரே மூக்கைச் சிந்தியது.

"இந்தப் பாழாப்போன பாவாடை காத்துல உப்பலேன்னா ஜெயிச்சிருப்பேன்டி. ஜெயிச்சிருந்தா இன்னும் ஒரே ஒரு வருஷம்..." என்று என் காதுக்குள் முனகினார்.

நான் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

காற்று நன்றாகப் பிடிக்கட்டும் என்று அந்தப் பாவாடைக்கு இரண்டு மடங்கு துணி வைத்துத் தைத்தவள் நான்தானே.