பார்லித் தூசி இருமல்

"எந்த ஊருன்னு கேட்டா 'ஆத்துக்கு அந்தக் கரை'ன்னு சொல்லு. அதுக்கு மேல வாயைத் திறக்காதே" என்றாள் கார்லா.

"அது சரி. அந்தப் பரீட்சை?" என்றான் லென்னார்ட்.

"கண்ணைக் கட்டிட்டு மூணு கிளாஸ் குடுப்பாங்க. எது எங்க தாத்தா வேலை பார்த்த ஆலையோட பீர்னு சொல்லணும். சரியான கிளாஸ் வந்ததும் உன் காலை மிதிக்கிறேன். நீ கையைத் தூக்கு. அடுத்த மாசம் கல்யாணம்."

"தப்பாப் போயிட்டா?"

"அம்மாவைப் பத்தி உனக்குத் தெரியாது. கல்யாணத்தை மறந்துட வேண்டியதுதான்."

லென்னார்ட் டூசல்டார்ஃப்காரன். கொலோன் நகரத்து வீட்டில் போய் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிப் பெண் கேட்கத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். அங்கே பீர் கறுப்பு, இங்கே பொன்னிறம். கார்னிவல் வந்தால் அங்கே 'ஹெலாவ்' என்று கத்துவார்கள், இங்கே 'அலாஃப்'. இதற்காகத்தான் ஒரே ஆற்றின் கரைகளில் இருந்துகொண்டு இரண்டு ஊரும் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. சண்டை போட வேறு விஷயமா கிடைக்காது?

கார்லாவின் அம்மா ரெனாட்டேயின் அப்பா இந்த ஆலையில் பீர் காய்ச்சும் தலைமை மேஸ்திரியாக இருந்தவர். வீட்டுக்கு வரும் மாப்பிள்ளை ஆலையின் பீரை நாக்காலேயே அடையாளம் சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். ரெனாட்டேயின் கணவர் ஹூபெர்ட்டும் அதில் தேறித்தான் அவளைக் கட்டினார். பீர் காய்ச்சுவதை வேறிடத்துக்கு மாற்றி, பழைய ஆலையைப் பொத்தானை அமுக்கினால் பேசுகிற மியூசியமாக்கிவிட்டார்கள். சட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

மியூசிய வாசலில் ஹூபெர்ட் லென்னார்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தம்பிக்கு எந்த ஊரு?"

"ஆத்துக்கு அந்தக் கரைங்க, மாமா."

"அந்தக் கரையா? போகட்டும், மன்னிச்சுடலாம். டூசல்டார்ஃப்னு சொல்லியிருந்தா இந்நேரம் பீப்பாயில போட்டு உருட்டி விட்டிருப்பேன். அந்தப் பயலுக குடிக்கிறது பீரா? பாத்திரம் கழுவின தண்ணி!"

லென்னார்ட்டும் பல்லைக் காட்டிச் சிரித்து வைத்தான்.

முதல் கூடத்தில் பித்தளைக் குழல் ஒன்று இருந்தது. அதில் வாய் வைத்துக் கார்னிவல் முழக்கம் போட்டால், எதிரே கண்ணாடிக் குழாயில் நுரை பொங்கும். ரெனாட்டே போட்ட 'அலாஃப்'பில் நுரை உச்சியைத் தொட்டது.

"இப்ப நீ வா தம்பி. பயப்படாம கத்து!"

லென்னார்ட் மூச்சை இழுத்தான். பிறந்ததிலிருந்து பழகிய வாய் தானாகத் திறந்தது. "ஹெ..."

கார்லாவின் முழி பிதுங்கியது.

"ஹெ... ஹெக்... லொக், லொக், லொக்!" என்று இருமித் தள்ளினான். கண்ணில் நீரே வந்துவிட்டது. ஹூபெர்ட் ஓடி வந்து முதுகில் தட்டினார்.

"ஐயோ பாவம், பார்லித் தூசி!" என்றாள் ரெனாட்டே. சுவரில் மீசையோடு முறைத்துக்கொண்டிருந்த படத்தைக் காட்டினாள். "எங்கப்பாவுக்கும் இதே தொல்லைதான். அவரைப் போல சுத்தமான கொலோன்காரர் இந்த ஊர்லயே கிடையாது. ஆனா கார்னிவல் வந்தாப் போதும், இருமல் பிடிச்சுக்கும். ஒரு 'அலாஃப்' போட முடியாது. இங்கே வேலைக்கு வந்து என் வீட்டுக்காரருக்கும் அதே இருமல். எந்த டாக்டராலயும் தீர்க்க முடியலை."

ஹூபெர்ட் சங்கடமாக ஒருமுறை இருமிக்கொண்டார்.

பழைய நிலவறையில்தான் பரீட்சை. லென்னார்ட்டின் கண்ணைக் கட்டினார்கள். விடை, கண் கட்டாதவர்களுக்கு மட்டும் திரையில் தெரியும்.

முதல் கிளாஸ். கால் சும்மா இருந்தது.

இரண்டாவது. அப்போதும் ஒன்றும் இல்லை. அவன் நாக்குக்கு எல்லாம் ஒரே தண்ணீராகத்தான் பட்டது. கார்லா மறந்துவிட்டாளோ?

மூன்றாவது கிளாஸ் உதட்டில் பட்டதுதான் தாமதம், வலது கால் பெருவிரல் நசுங்கியது. அலறலை பீரோடு விழுங்கிவிட்டுக் கையைத் தூக்கினான்.

மணி அடித்தது. ரெனாட்டே அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "நாக்குன்னா இது நாக்கு! இருங்க, நானே போய் எல்லாருக்கும் பீர் வாங்கிட்டு வரேன்!"

அவள் மறைந்ததும் படிக்கட்டில் கார்லா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "முடிஞ்சுடுச்சா? ஐயோ! பீப்பாய் மாதிரி ஒரு லிஃப்ட். கீழே வரலாம்னு ஏறினா கதவு திறக்கவே மாட்டேங்குது! 'இப்போது நீங்கள் ஒரு நுரைக்குமிழி'ன்னு அதுபாட்டுக்குச் சொல்லிட்டே இருக்கு..."

லென்னார்ட் குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். மேலே ஒரு பெரிய ஆண்கள் ஷூவின் தடம். மெல்ல நிமிர்ந்து ஹூபெர்ட்டைப் பார்த்தான்.

"என்ன பார்க்கிறே? உன் இருமலைக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு மாப்பிள்ளை" என்றார் ஹூபெர்ட் மெதுவாக. "அந்த 'அலாஃப்' நம்ம டூசல்டார்ஃப் வாயில வராது. கல்யாணம் ஆனதுலேர்ந்து நானும் இருமிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்பா!" என்றாள் கார்லா.

"சத்தம் போடாதே, உங்கம்மா வந்துடுவா."

"அப்போ உங்க பரீட்சையில எப்படித் தேறினீங்க, மாமா?" என்று கேட்டான் லென்னார்ட்.

"என் காலையும் ஒருத்தர் மிதிச்சார். யாருடா இந்தப் புண்ணியவான்னு கண்கட்டை அவிழ்த்துப் பார்க்கிறேன், பக்கத்துல இருமிக்கிட்டு நிக்கிறார் என் மாமனார்!"