வயலின் நிற்கும் இடம்

கும்மிடிப்பூண்டி உருக்காலையில் வேலை முடிந்து வந்த இராமலிங்கம், நகக்கண்ணில் இரும்புத் தூளோடு ஜன்னலோரம் உட்கார்ந்து வயலின் வாசிக்கிறான். அடுப்பில் உலை கொதிக்கிறது. அரிசியில் கல் பொறுக்கும் அவன் மனைவி பச்சையம்மாவுக்கு அந்த மெட்டு மனப்பாடம். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் முன்பு விரும்பியவளைப் பற்றி அவன் வாய்திறந்து எதுவும் சொன்னதில்லை. எல்லாம் வயலின்தான் சொன்னது. அந்த மெட்டில் முதலில் அவள் சிரிப்பாள், பிறகு காத்திருப்பாள், பிறகு யாரோ அவளை இழுத்துப் போவார்கள். தினமும் வில் அங்கேயே நின்றுவிடும். இன்று நிற்கவில்லை. தாழ்ந்து, தேம்பி, ஒற்றைத் தந்தியில் இழைந்து முடிகிறது. முடிந்த பிறகும் அவன் வில்லை எடுக்கவில்லை. அதன்மேல் மாலை வெயில் கிடக்கிறது.

"இன்னாய்யா… அவங்க போய்ட்டாங்களா?"

"காலைல. டூட்டில இருக்க சொல்லோ போன் வந்துச்சு," என்கிறான், தலை நிமிராமல்.

பச்சையம்மா முறத்தைக் கீழே வைக்கிறாள். சாவு விழுந்த வீட்டில் செய்வதுபோல், எரிகிற அடுப்பை அணைக்கிறாள்.