சத்தமில்லாத சனிக்கிழமை

"பசுமைக் கட்டடச் சான்றிதழ்ப் பரீட்சைண்ணே. வீட்டுலேயே கம்ப்யூட்டர்ல எழுதணும். வெளிச்சத்தம் கேட்டா ரத்து பண்ணிடுவாங்க. சனிக்கிழமை ஒருநாள் மட்டும்…" எதிர்வீட்டு எலியேசரிடம் யானெலிஸ் கெஞ்சினாள்.

அவருடைய ஸ்பீக்கர் பீரோ உயரம். பாட்டு வைத்தால் கார்த்தஹேனா நகரம் முழுக்கக் கேட்கும்.

"சனிக்கிழமை என் பாட்டு நின்னா, நான் செத்துட்டேன்னு அர்த்தம்," என்றார்.

அந்தச் சனிக்கிழமை பாட்டே கேட்கவில்லை. திரையில் 'தேர்ச்சி' என்று வந்ததும்தான் அவர் சொன்னது யானெலிஸுக்கு உறைத்தது. பதறிப்போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் தெருவே உட்கார்ந்திருந்தது. மேஜையில் துண்டு விரித்து, டாமினோ காய்களைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாஸா?" கிசுகிசுத்தார் எலியேசர்.

தலையாட்டினாள்.

"இப்பவாவது பாட்டு போட்டுக்கலாமாம்மா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சத்தமா வைங்கண்ணே."